நனைந்த மருந்து

ராயக்கோட்டை மலைமேல்
மூன்றாவது நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தோம்.
ஆளுக்கு அறுநூறு ரூபாய், மதியம் சோறு,
செத்தால் ஐம்பது கூட.

தக்காளி பெட்டி நாற்பதுக்கு இறங்கிய வாரம் அது.
மண்டிக்கு ஏற்றினால் டெம்போ வாடகைக்கே காணாது.
பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டுக்
கெலமங்கலம் ரோட்டில் நின்றோம், வேன் வந்தது.
மீசை வைத்தவர்களுக்கு முன் சீட்டு.

காலையில் நான் கலகக்காரன்.
அழுக்கு வேட்டி, தகரக் கத்தி.
சுனைக்குப் பக்கத்தில் குப்புற விழ வேண்டும்.
"எறும்பு கடித்தாலும் அசையாதே."
கடித்தது.

மதியம் சிப்பாய்களுக்கு ஆள் குறைந்தது.
பெங்களூரிலிருந்து வர வேண்டிய பஸ்
அத்திப்பள்ளியில் மாட்டிக்கொண்டதாம்.
ரத்தத்தைக் கழுவச் சொல்லிச்
சிவப்புக் கோட்டு மாட்டிவிட்டார்கள்,
அக்குளில் வேறு யாருடைய வேர்வையோ.
காலையில் நான் விழுந்த இடத்துக்கு
நேராகத் துப்பாக்கியைப் பிடித்தேன்.
அங்கே இப்போது லகுமய்யா கிடந்தான்
என் வேட்டியைக் கட்டிக்கொண்டு.

துரையாக நடித்தவர் போலந்துக்காரர்,
ஓசூர் கம்பெனியில் மெஷின் பூட்ட வந்தவர்.
குடைக்குக் கீழே இளநீர் குடித்தார்.
நல்ல மனுஷன், பாதியை எனக்குக் கொடுத்தார்.

கதைப்படி
கலகம் தோற்பது மழையால்.
வருஷக்கணக்காகச் சேர்த்த மருந்து
ஒரே ராத்திரியில் நனைந்துவிடும்.
விடியலில் பாளையக்காரர் திரி வைப்பார்,
பீரங்கி ஒரு முறை இருமும்.
அவ்வளவுதான்.
அந்த இருமலை எடுக்க நாலு கேமரா.

பாளையக்காரர் திரி வைத்தார்.

எங்கே பிசகியதென்று இன்றுவரை தெரியாது.
சிட்டிகை மருந்துதான் போட்டேன் என்று
வெடிவேலை சாமுவேல் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.
மலை அதிர்ந்தது.
சுனைத் தண்ணீர் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது.
கொத்தளத்துக் குரங்குகள் குட்டிகளை அள்ளிக்கொண்டு பாய,
வைக்கோலும் காகிதமும் தீப்பிடித்து
எங்கள் தலைக்கு மேல் வந்தன.

ஓடினோம்.
நாற்பது சிவப்புக் கோட்டும்
படி எது பாறை எது என்று பாராமல்.
துப்பாக்கியை எங்கே போட்டேனோ.
துரை எனக்கு முன்னால் ஓடினார்.
திரும்பிப் பார்த்தால், மேலே
செத்துக் கிடந்தவர்கள் எழுந்து நின்று விசிலடிக்கிறார்கள்.
லகுமய்யா வேட்டியை அவிழ்த்துத்
தலைக்கு மேல் சுழற்றுகிறான்,
உள்ளே போட்டிருந்த நீல டவுசரோடு.

எவ்வளவு நேரம் இருக்கும்?
காற்றுக்கு முதுகு காட்டி
ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்.
அவ்வளவு நேரம் கோட்டை எங்களிடம் இருந்தது.
எங்களிடம் என்கிறேன்,
கீழே ஓடிக்கொண்டிருந்த நான்.

பிறகு மைக்கில் கட்.
பிறகு டீ.
பிறகு பீரங்கியின் வாய்க்குள்
இரண்டு குடம் தண்ணீர்,
மூன்றாவதையும் ஊற்று என்றார் டைரக்டர்.
ஒன் மோர்.
இந்த முறை ஒழுங்காகத் தோற்றோம்.

தை மாதம் படம் வந்தது.
கிருஷ்ணகிரியில் இரவு ஆட்டம், பாதி சீட்டு காலி.
என் முகம் எங்கும் இல்லை,
ஒரு முழங்கை என்னுடையது மாதிரி இருந்தது.
லகுமய்யாவின் முதுகு மட்டும் முழுசாக,
அதில் உட்கார்ந்த ஈ உட்பட.

திரையில் மழை விட்டது.
பாளையக்காரர் தீவட்டியைக் குனித்தார்.
எல்லாம் தெரிந்த லகுமய்யா,
மூன்று குடத்தையும் கண்ணால் பார்த்த லகுமய்யா,
இருட்டில் என் தொடையைப் பிடித்து அழுத்தினான்.
"இப்பப் பாரு," என்றான்.
"இப்பப் பாரு."